வலது ஷட்டரைப் பற்றி நான் சொல்லாதது

பழுது இருப்பது தெரிந்தே ஓர் இளைஞருக்கு என் கேமராவை விற்றேன். இதை இத்தனை நாளும் யாரிடமும் சொன்னதில்லை.

முப்பரிமாணப் படம் எடுக்கும் ஆசையோடு வந்தவர் அவர். கையில் பணம் குறைவு. பழைய ஃபிலிம் கேமரா போதும் என்றார். என்னிடம் ஒரு ஸ்டீரியோ ரியலிஸ்ட் இருந்தது. செட்டன் ராக்வைட் வடிவமைத்து, அமெரிக்காவின் மில்வாக்கியில் இருந்த டேவிட் ஒயிட் நிறுவனம் 1947இல் விற்பனைக்குக் கொண்டுவந்த கேமரா. 70 மி.மீ. இடைவெளியில் இரண்டு லென்ஸ். சாதாரண 35 மி.மீ. ஃபிலிமிலேயே ஒரே கணத்தில் இரு படங்கள் விழும். அமெரிக்க அதிபராக இருந்த ஐசனோவர் இந்த வகைக் கேமராவில் படமெடுத்தவர் என்பதுவரை ஆசையாகச் சொன்னேன். வலப்பக்க ஷட்டர் மெதுவான வேகங்களில் ஒட்டிக்கொள்வதை மட்டும் சொல்லவில்லை.

பல பத்தாண்டுகளுக்கு முன் இட்ட கிரீஸ் இறுகினால் இப்படி ஆகும். பிரித்துச் சுத்தம் செய்ய வேண்டும். அந்தச் செலவைச் சொன்னால் விலையைக் குறைத்துக் கேட்பாரே என்று பயந்தேன். லென்ஸில் பூஞ்சை உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். அது உண்மை. கேட்டதற்கு உண்மையைத்தானே சொன்னோம் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன்.

ஒற்றை லென்ஸ் கேமராவில் ஷட்டர் தாமதித்தால் படம் சற்று வெளிறும். ஸ்டீரியோவில் அது வேலையையே கெடுத்துவிடும். இதில் போடும் ஸ்லைடு ஃபிலிம் ஒளியளவில் சிறு பிசகையும் பொறுக்காது. ஒரு படம் வெளிறி, மற்றது சரியாக விழும். அசையும் கை ஒன்றில் தெளிவாகவும் மற்றதில் கலங்கியும் இருக்கும். ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரு படமாகக் காட்டும் வியூவரில் பார்க்கும்போது இரண்டையும் ஒன்றாக்க மூளை திணறும். கண் வலிக்கும்.

பிறகொரு நாள் அவர் போனில் பேசினார். "சார், எனக்குத்தான் ஆழம் தெரியலைபோல. சில பேருக்கு அந்தப் பார்வையே அமையாதாமே?" அப்போதாவது சொல்லியிருக்கலாம். "போகப்போகப் பழகிடும் தம்பி" என்றேன். விற்றதைவிட இந்தப் பதில் கொடியது. என் பணத்துக்காக ஒருவர் தன் கண்ணையே சந்தேகிக்கும்படி விட்டேன்.

வாங்க வந்தபோதே பின்மூடியைத் திறந்து, வெளிச்சத்தை நோக்கிப் பிடித்து, மெதுவான வேகத்தில் அழுத்திப் பார்க்கச் சொல்லியிருக்க வேண்டும். இரண்டு ஷட்டரும் சேர்ந்து திறந்து சேர்ந்து மூடுகின்றனவா என்பது கண்ணுக்கே தெரிந்திருக்கும். அதற்கும் முன்னால், அசையாத பொருள்களுக்கு அவரிடமிருந்த சாதாரண கேமராவே போதும்; ஒரு படம் எடுத்துவிட்டு, இரண்டரை அங்குலம் பக்கவாட்டில் நகர்த்தி இன்னொன்று எடுத்துப் பழகலாம் என்று சொல்லியிருக்க வேண்டும். விற்பனை போய்விடும் என்று அதையும் மறைத்தேன்.

குறை உங்கள் கண்ணில் இல்லை, நான் விற்ற கேமராவில் என்று இப்போது அவரிடம் சொல்லிவிட்டேன். கேமராவுக்குக் கொடுத்த பணத்தோடு, அவர் வீணாக்க நேர்ந்த ஃபிலிமின் விலையையும் திருப்பித் தருகிறேன். இனி என்னிடம் கேமரா வாங்க வருகிறவர் கேட்பதற்கு முன்பே அதன் குறையைச் சொல்வேன்.