ஆச்சியின் பவுடர் டப்பா

ஹூஸ்டனில் ஜான்சன் விண்வெளி மையத்துப் புல்தரையில் அப்போதெல்லாம் 363 அடி நீளச் சாட்டர்ன் 5 ராக்கெட் ஒன்று வெயில், மழை எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு படுத்துக் கிடக்கும். நிலவுக்குப் போகவென்றே செய்து, போகாமல் தங்கிவிட்ட பாகங்கள். ஊரிலிருந்து யார் வந்தாலும் அப்பா முதலில் அங்கேதான் கூட்டிப்போவார். திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த ஆச்சி அதன் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை மெதுவாக நடந்து பார்த்துவிட்டு, "இம்புட்டுச் செலவழிச்சுச் செஞ்சத இப்படியா காயப் போடுவாக?" என்றாள்.

அந்தக் குளிர்காலத்தில்தான் மாதிரி ராக்கெட் செய்யும் எஸ்டெஸ் கம்பெனியின் சாட்டர்ன் பெட்டி எங்கள் வீட்டுக்கு வந்தது. அசலில் நூறில் ஒரு பங்கு. நிமிர்த்தி வைத்தால் என் நெஞ்சு உயரம் வரும். அதற்கு முன் ஆல்ஃபா என்கிற குட்டி ராக்கெட்டுக்குப் பால்சா மர இறக்கைகளை உப்புத்தாள் போட்டுத் தேய்த்த அனுபவம் எனக்கு உண்டு. அந்தத் தைரியத்தில் பெட்டியைத் திறந்தால், உள்ளே அட்டைக் குழாய்கள், வளையங்கள், வரிவரியான பிளாஸ்டிக் தாள்கள், பல பக்கச் செய்முறை. சாப்பாட்டு மேசை முழுக்க ராக்கெட் பரவிக்கொண்டதால் நாங்கள் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். ஆச்சிக்கு அதில் பரம சந்தோஷம்.

குழாயில் நேர்கோடு போட அப்பா அதைக் கதவு நிலையின் மூலையில் அணைத்து வைத்து, நிலை ஓரமாகவே பென்சிலை இழுப்பார். பசை வாடையும் அடுப்படியில் தாளிக்கிற கறிவேப்பிலை வாசமும் கலந்து வரும், ரேடியோ முணுமுணுக்கும், மூக்குக்கண்ணாடி நழுவிய அப்பாவின் முகம் விளக்கடியில் என்னைவிடச் சின்னப் பிள்ளையாகத் தெரியும். கறுப்பு வெள்ளைக் கட்டங்களுக்கு வண்ணம் அடித்து முடித்ததும் எழுத்து ஒட்டிகளை ஆச்சியின் எவர்சில்வர் கிண்ணத்துத் தண்ணீரில் ஊறவைத்து, வழுக்கிக்கொண்டு வரும்போது ஒட்டினோம். பாராசூட்டின் பிளாஸ்டிக் தாள் மடிப்பில் ஒட்டிக்கொள்ளாமல் இருக்கப் பவுடர் தூவ வேண்டுமாம். ஆச்சி ஊரிலிருந்து கொண்டுவந்திருந்த குட்டிக்கூரா டப்பாவை நான் கேட்காமலே எடுத்தேன். தாராளமாகத்தான் தூவினேன்.

டி12-3 என்று எழுதிய மோட்டார் என் பெருவிரலைவிடத் தடிமன். எழுத்து ஒவ்வொன்று ஏறும்போதும் மொத்த உந்தின் உச்ச வரம்பு இரண்டு மடங்காகும். 12 என்பது சராசரி உந்துவிசை, நியூட்டனில். மருந்து எரிந்து தீர்ந்து 3 விநாடி கழித்து உள்ளேயே சின்னதாக ஒன்று வெடித்துப் பாராசூட்டை வெளியே தள்ளும். இதையெல்லாம் ஆச்சிக்கு நான்தான் விளக்கினேன். "நம்மூர்த் தீவாளி வாணந்தான" என்று முடித்துவிட்டாள்.

ஒரு சனிக்கிழமை காலை, காற்று எழும்புமுன் மைதானத்துக்குப் போய்விட்டோம். கம்பியில் ராக்கெட்டைக் கோத்து, ஒயரை நீட்டி, ஐந்து மீட்டர் தள்ளி நின்று பொத்தான் பெட்டியில் சாவியைச் செருகும்போது மணி ஒன்பதைத் தாண்டியிருந்தது. "ராகு காலம்டா, பத்தரை வரைக்கும் தொடாத" என்றாள் மடக்கு நாற்காலியில் இருந்த ஆச்சி. அமெரிக்காவுக்கு வந்து பொறியாளராக இருந்த அப்பா ஒரு வார்த்தை பேசாமல் சாவியை உருவினார். எனக்கு வந்த கோபம்! பத்தரைக்குள் கடல் காற்று பிடித்துக்கொண்டது. அப்பா கம்பியைக் காற்று வரும் பக்கமாக லேசாகச் சாய்த்தார்.

பொத்தானை நான்தான் அழுத்தினேன். ஆல்ஃபா கண் இமைப்பதற்குள் போய்விடும். இது கனம், யோசித்து யோசித்துக் கிளம்பியதுபோல் இருந்தது. புகை, சீறல், தீபாவளி வாசம். உச்சியில் திரும்பியதும் டப் என்றொரு சத்தம். பாராசூட்டுக்கு முன்னால் வெள்ளை வெளேரென்று ஒரு மேகம் விரிந்தது.

அப்பா அண்ணாந்தபடியே வேலிப் பக்கம் ஓடினார். ஆச்சி கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தாள்.

"ஏட்டி, அது என் பவுடருல்லா!"

நான் வாய் திறக்கவில்லை.

"டப்பால மிச்சம் வச்சிருக்கியா, இல்லயா? இந்த ஊர்ல குட்டிக்கூராவுக்கு நான் எங்க போவேன்?"