டீசலா, பெட்ரோலா?

தலைநகர்ப் பகுதியில் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் சொந்தமாகக் கார் வாங்குவது இன்று அபூர்வமன்று. ஆனால் நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் மலைவண்டியை வாங்க முற்படுவோர் சிலரே. எங்களைப் போன்ற ரயில்வே குமாஸ்தாக்கள் அதனினும் சிலர். அவ்வாறு முற்பட்ட எங்கள் குடும்பத்தில் "டீசலா, பெட்ரோலா?" என்னும் வழக்கு மூன்று மாத காலம் நடந்தது. அதில் தெளிந்த சில விஷயங்கள் சங்கத்து அன்பர்களுக்கும் பயன்படக்கூடும் என்பதால் எழுதுகிறோம்.

முதலில் தேவையைச் சொல்லிவிடுகிறோம். எங்கள் அத்தான் முசௌரிக்கு அப்பால் ஒரு பள்ளியில் ஆசிரியர். எழுபத்தைந்து வயதைக் கடந்த எங்கள் தாயார் அக்காளோடு அங்கே இருக்கிறார். தார்ச்சாலையிலிருந்து வீட்டுக்கு ஐந்து கிலோமீட்டர் மண்பாதை. 2025ஆம் ஆண்டு மழைக்காலத்தில் அம்மாவுக்கு மூச்சுத் திணறல் கண்டபோது வாடகைக் கார்க்காரர் மேலே வர மறுத்துவிட்டார். ஊரார் நால்வர் அம்மாவை நாற்காலியில் அமர்த்தித் தூக்கிக்கொண்டு சேற்றில் இறங்கினார்கள். அம்மா பிழைத்தார், ஆயினும் அந்த இரண்டு மணி நேரத்தைப் பற்றி அக்காள் இன்னும் வாய் திறப்பதில்லை. ஆகவே நாங்களும் தம்பியும் அத்தானும் சேமிப்பை ஒன்றுகூட்டி, மஹிந்திரா நிறுவனத்தின் தார் வண்டி ஒன்றை வாங்குவதெனத் தீர்மானித்தோம்.

அவ்வண்டியில் 2 லிட்டர் பெட்ரோல், 2.2 லிட்டர் டீசல், 1.5 லிட்டர் டீசல் என மூவகை எஞ்சின் உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் அமலான வரி மாற்றத்தின்படி, கடைசியில் சொன்னதற்கு வரி 18 சதவீதம். ஏனைய இரண்டுக்கும் 40 சதவீதம். தம்பி முதலில் இதையே பிடித்துக்கொண்டான். ஆனால் அந்தச் சிறிய எஞ்சின் பூட்டிய வண்டியில் விசை பின் சக்கரங்களுக்கு மட்டுமே செல்லும். சேற்றில் அவை வழுக்கிச் சுழலும்போது, மிச்சம் பிடித்த வரிப்பணமா வந்து வண்டியைத் தள்ளும்? அதை விட்டுவிட்டோம்.

நிற்க. "மலைக்கு டீசல்தான்" என்பது நம்மவரிடையே வேரூன்றிய எண்ணம். இதை ஆராய எங்கள் தொழிலறிவு சற்றே உதவிற்று. சரக்கு ரயில் இழுக்கும் டபிள்யூ.ஏ.ஜி.9 மின்சார எஞ்சினின் பற்சக்கர விகிதத்தை மாற்றியே, பயணிகள் ரயிலுக்கான டபிள்யூ.ஏ.பி.7 உருவாயிற்று. முன்னது பாரம் இழுக்கும். பின்னது 140 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். இழுவையைத் தீர்மானிப்பதில் எஞ்சினைப் போலவே பற்சக்கரத்துக்கும் பங்குண்டு என்பது இதனால் விளங்கும். மண்பாதை ஏற்றத்தில் மெல்ல ஊர்ந்து ஏற உதவும் 'லோ ரேஞ்ச்' என்னும் தாழ்கியர் அமைப்பு, நான்கு சக்கர விசையுள்ள பெட்ரோல் வண்டியிலும் உண்டு. டீசல் வண்டியிலும் உண்டு. மேலும், கையால் கியர் மாற்றும் வண்டிகளில் இரண்டு எஞ்சின்களின் முறுக்கு விசையும் 300 நியூட்டன் மீட்டரே. ஏற்றத்தை மட்டும் கொண்டு டீசலுக்கு மாலை சூட்டுவது பழங்கதை.

பின் வேற்றுமை எங்கே? ஒன்று, எரிபொருட் செலவு. ஒரே தூரத்துக்குப் பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும். மற்றொன்று புகை வடிகட்டி. 2020 ஏப்ரல் முதல் அமலிலுள்ள பாரத் 6 விதிகளுக்கிணங்க, டீசல் வண்டியின் புகைக்குழாயில் கரித்துகளைப் பிடித்து வைக்கும் வடிகட்டி ஒன்று உண்டு. அது நிறைந்ததும் எஞ்சின் சற்று அதிக எரிபொருளைச் செலுத்தி, ஏறக்குறைய 600 டிகிரி வெப்பத்தில் அக்கரியை எரித்துவிடும். அதற்கு வண்டி சிறிது நேரம் தொடர்ந்து ஓடவேண்டும். தினமும் நான்கு கிலோமீட்டர் ஓடி நின்றுவிடும் வண்டியில் அது நிறைவேறாது. வடிகட்டி அடைத்துக்கொள்ளும், எரியாத டீசல் எஞ்சின் எண்ணெயில் கலந்து அதை நீர்க்கச் செய்யும்.

டில்லிவாசிகளுக்கு வேறொரு கவலையும் உண்டு. பத்தாண்டு கடந்த டீசல் வண்டியும் பதினைந்தாண்டு கடந்த பெட்ரோல் வண்டியும் இங்கு ஓடலாகாது என்ற பசுமைத் தீர்ப்பாயத்தின் ஆணையை 2018இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2025இல் அந்நீதிமன்றமே தளர்வும் அளித்தது. ஆயினும் ஏழாண்டுக் கடன் வாங்குபவனுக்குத் தளர்வை நம்பித் தூக்கம் வராது.

இவற்றையெல்லாம் காகிதத்தில் இரு பத்திகளாக எழுதி வைத்துக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் மூன்று வீட்டாரும் வாதாடினோம். தம்பி பெட்ரோல் என்றான். அத்தான் டீசல் என்றார். கேட்டுக்கொண்டிருந்த எங்கள் வீட்டம்மாள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "வண்டி எந்த வீட்டு வாசலில் நிற்கப்போகிறது? அதைச் சொல்லாமல் எஞ்சினைப் பேசுகிறீர்களே!"

எல்லோரும் மௌனமானோம். தம்பி தன் டில்லி வீட்டு வாசலை நினைத்துப் பேசினான். அத்தான் தம் மலைவீட்டு முற்றத்தை நினைத்துப் பேசினார். அவரவர் வாசலுக்கு அவரவர் சொன்னதே சரி. டில்லியில் நின்றால் அன்றாடம் குறுந்தூர ஓட்டம், பெட்ரோலே தகும். மலையில் நின்றால் வாரந்தோறும் டேராடூனுக்குப் போய்வரும் நெடும்பயணம். திரும்பும் ஏற்றத்தில் வடிகட்டியின் கரி தானே எரியும், டீசல் சிக்கனமும் கைகொடுக்கும்.

ஆனால் எந்த வாசல் என்பது எஞ்சின் சாஸ்திரம் தீர்க்கக்கூடிய கேள்வியன்று. பணத்தில் பெரும்பங்கு தம்பியுடையது. தன் பிள்ளைகளை ஏற்றிச் செல்ல வேண்டுமென்ற ஆசையும் அவனுக்கு நியாயமானதே. சற்று நேரம் கழித்து அவனே சொன்னான்: "அம்மா இருக்கிற இடத்தில் நிற்கட்டும். கோடை விடுமுறையில் பதினைந்து நாள் எனக்கு." அதோடு வழக்குத் தீர்ந்தது. நான்கு சக்கர விசையுள்ள 2.2 லிட்டர் டீசல் வண்டியை வாங்கி, உத்தரகண்டில் பதிவு செய்தோம். நாங்கள் இங்கிருந்து டேராடூன் வரை ரயிலில் போய்க்கொள்கிறோம். ரயில்வேக்காரனுக்கு அதில் என்ன குறை?

வண்டி வாங்கப்போகும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. வருஷத்தில் பத்து நாள் போகும் லடாக் பாதையை நினைத்து எஞ்சினைத் தேர்ந்தெடுக்காதீர்கள். மீதி முந்நூற்றைம்பத்தைந்து நாளும் ஓடும் பாதையை நினையுங்கள். கூட்டுப்பணத்தில் வாங்குவதானால், விற்பனை நிலையத்துக்குப் போகுமுன் வண்டி யாருக்காக என்பதை வீட்டில் உட்கார்ந்து பேசி முடித்துவிடுங்கள். அது முடிந்துவிட்டால், டீசலா பெட்ரோலா என்பது அரைமணி நேரக் கணக்குத்தான்.