இராமேசுவரம் தோடு

தமிழில் தோடு என்றால் காதில் அணிவது. மலையாளத்திலோ நீரோடும் கால்வாய். என் அன்னையார் திருநெல்வேலிச் சீமையிலிருந்து மணமாகித் தோப்பும்படிக்கு வந்த முதல் மழைக்காலத்தில், அண்டை வீட்டு அம்மையார் "தோடு நிறைஞ்ஞு!" என்று கூவக் கேட்டுத் தம் காதுகளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாராம். எங்கள் வீட்டில் ஐம்பது ஆண்டுகள் சொல்லிச் சொல்லிச் சிரித்த கதை இது.

அந்தத் தோட்டின் பெயர் இராமேசுவரம். கல்வத்திப் பக்கம் காயலோடு கலந்து, கோட்டைக் கொச்சிக்கும் மட்டாஞ்சேரிக்கும் இடையே தெற்கு நோக்கி வருவது. "சேதுக்குப் போகாமலே இராமேசுவரத் தண்ணீரில் கால் நனைக்கிற பாக்கியம் நமக்குத்தான்" என்பார் தந்தையார். மட்டாஞ்சேரி பஜாரில் மிளகுக் கிட்டங்கி ஒன்றில் கணக்கு எழுத வந்தவர் அவர். பின்னர் தோட்டங்கரையில் சிறு பலசரக்குக் கடை வைத்தார். கடையின் பின்புறத்தில் ஏழு படிகள் நீருக்குள் இறங்கின. அரிசியும் தேங்காயும் ஏற்றிய வள்ளங்கள் அந்தப் படியில் வந்து அணைந்ததை நான் சிறுவனாகக் கண்டிருக்கிறேன். ஓதம் ஏறும் வேளை பார்த்து வள்ளக்காரர் வருவார், இறங்குவதற்குள் திரும்பிவிடுவார். எங்கள் கடைக்குக் கடிகாரம் வேண்டியிருக்கவில்லை.

பழைய தோடு பொன்னாக இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. கொசு அன்றும் இருந்தது. யானைக்கால் நோய்க்குக் கொச்சிக்கால் என்றே ஒரு பெயர் உண்டு என்பதை இவ்வூர்க்காரர் யாரும் மறக்க இயலாது. ஆயினும் நீர் ஓடிற்று. அதற்கு அகலம் இருந்தது.

அந்த அகலத்தைக் குறைத்தவர்களில் நாங்களும் உண்டு. சாலைகள் வந்தன, லாரிகள் வந்தன, வள்ளம் நின்றது. பயனற்றுக் கிடந்த படிகளின் மேல் 1974-இல் தந்தையார் கான்கிரீட் பலகை போட்டுச் சரக்கு அறை கட்டினார். யாரும் தடுக்கவில்லை. அடுத்த கடைக்காரரும் கட்டினார். அதற்கடுத்த வீட்டார் அடுக்களையை நீட்டினார். பின்பு ஒவ்வொருவரும் கழிவுநீர்க் குழாயைத் தோட்டுக்குள் திருப்பிவிட்டோம். மழைக்காலத்து நன்னீரில் ஆகாயத்தாமரை தழைத்து மூடும். கோடையில் உப்புநீர் ஏறியதும் அழுகி அடியில் படியும். ஆண்டுதோறும் அந்தச் சேறு உயர்ந்தது. பின்னாளில் மழை வந்து கடைக்குள் முழங்காலளவு நீர் நின்றபோது, ஆட்சியாளரை ஏசுவதில் எங்கள் குரலே உரத்து ஒலித்தது!

2019 அக்டோபர் 21 எர்ணாகுளம் சட்டமன்ற இடைத்தேர்தல் நாள். அன்று பெய்த மழையில் நகரமே மூழ்கியது. வாக்குச்சாவடிகளுக்குள் நீர் புகுந்தது. பின்னர் உயர் நீதிமன்றம் தலையிட்டது. அடைபட்ட வடிகால்களைத் திறக்கும் பணி தொடங்கிற்று. கொச்சி மெட்ரோ நிறுவனத்தின் வழியே இடப்பள்ளி, பேரண்டூர், சிலவன்னூர் முதலிய தோடுகளைச் சீரமைத்துப் படகு விடவும் கரைகளை அழகுபடுத்தவும் திட்டம் வகுக்கப்பட்டது. அவை யாவும் காயலுக்குக் கிழக்கே உள்ளவை. மேற்குக் கரையில் இருக்கும் நாங்கள் வழக்கம்போல் வேடிக்கை பார்த்தோம்.

இதற்கிடையில் சிங்கப்பூரில் பணிபுரியும் மகன் அழைத்தான் என்று போயிருந்தேன். கோயில், கடைத்தெரு எல்லாம் காட்டியபின் ஒருநாள் மாலை பீஷான் பூங்காவுக்கு அழைத்துச் சென்றான். அங்கே காலாங் ஆறு பல்லாண்டுகளாக 2.7 கிலோமீட்டர் நீளமுள்ள நேர்க்கோட்டுக் கான்கிரீட் வாய்க்காலாக ஓடிற்றாம். அதை உடைத்து, 3.2 கிலோமீட்டர் வளைந்து நெளியும் ஆறாக்கி, 2012-இல் மக்களுக்குத் திறந்துவிட்டிருக்கிறார்கள். கரையில் சுவர் இல்லை. கல்லும் புல்லும் வேர்களும் மண்ணைப் பிடித்து நிற்கின்றன. பிள்ளைகள் கணுக்காலளவு நீரில் மீன் பிடிக்கிறார்கள். பெருமழை வந்தால் அதே புல்வெளியின்மேல் ஆறு நூறு மீட்டர் வரை அகன்று ஓடும். நீர் உயரும்போது எச்சரிக்கை விளக்கு எரியும், சங்கு ஒலிக்கும், மக்கள் மேடேறிவிடுவர். மழை ஓய்ந்ததும் மறுபடி பூங்கா.

"நம்ம தோட்டையும் இப்படிச் செய்யலாம்லா அப்பா?" என்றான் மகன். அவன் இன்னும் தோப்பும்படியை மறக்கவில்லை என்பதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் விடை உடனே வரவில்லை.

முதல் இடர், கடல். பீஷானைக் கடல் தொடுவதில்லை. காலாங் ஆறு சென்று சேரும் மரினா நீர்த்தேக்கத்தின் வாயிலில் 2008 முதல் ஒரு தடுப்பணை நிற்கிறது. ஓதம் தாழ்ந்திருக்கையில் மழைநீரைக் கதவு திறந்து விடுகிறார்கள். உயர்ந்திருக்கையில் கதவடைத்து, மாபெரும் பம்புகளால் இறைத்துக் கடலில் கொட்டுகிறார்கள். எங்கள் தோட்டிலோ நாளுக்கு இருமுறை கடலே உள்ளே வருகிறது. ஓதம் ஏறிய நேரத்தில் பெருமழை பெய்தால் அந்த நீர் போக வழியில்லை. ஏறக்குறைய ஆறு மணி நேரம் அது எங்கேனும் காத்திருந்தாக வேண்டும். காத்திருக்க இடமில்லாததால்தான் எங்கள் வீடுகளுக்குள் வந்து உட்காருகிறது. ஆகவே தோப்பும்படிக்கு வேண்டிய பூங்கா, மலர்ப்பாத்தியும் நடைபாதையும் மட்டும் கொண்டதாய் இருக்க இயலாது. ஆறு மணி நேரம் நீருக்கு மடி கொடுக்கும் தாழ்வான நிலம் வேண்டும். கரையில் உப்புக்கு அஞ்சாத கண்டல் மரங்கள் வேண்டும். கண்டல் என்ற அச்சொல் தமிழுக்கும் மலையாளத்துக்கும் பொது என்பது தமிழன்பர்கள் அறிந்ததே. எல்லாவற்றுக்கும் முன்னால், கழிவுநீர் வேறு வழியில் போக வேண்டும். சாக்கடையில் யார் பிள்ளையை மீன்பிடிக்க விடுவார்?

அத்தகைய நிலம் நம்மவர்க்குப் புதிதன்று. நம் ஊர்க் கணக்குகளில் ஓடைப் புறம்போக்கு என்று எழுதி வைத்தார்களே, அது என்ன? யாரும் உழக்கூடாது, வீடு கட்டக்கூடாது, நீர் பெருகும்போது பரவட்டும் என்று விட்ட நிலம். கேரளத்திலும் அதே சொல்தான். இன்று இரு மொழியிலும் அது வசைச்சொல்லாகிவிட்டது; நிலத்தோடு சொல்லின் மானமும் போயிற்று.

இரண்டாம் இடர் கடலைவிடப் பெரிது. அந்தப் புறம்போக்கில் இன்று மனிதர் வாழ்கின்றனர். எங்களைப் போல் வசதிக்காக ஆக்கிரமித்தவர் சிலர். வேறு இடமில்லாததால் குடியேறியவர் பலர். தமிழகத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பங்களுக்கு, இந்நகரில் முதலில் கிடைப்பது தாழ்ந்த நிலமே. எர்ணாகுளத்தில் பேரண்டூர் தோட்டின் கரையில், மழைதோறும் மூழ்கிய பி அண்டு டி காலனி மக்களுக்கு 2023-இல் முண்டம்வேலியில் மாடி வீடுகள் கொடுத்தார்கள். முண்டம்வேலி எங்களுக்கு அடுத்த ஊர். கூரை கிடைத்தது, நன்று. ஆனால் நகருக்குள் வீட்டு வேலை செய்து பிழைக்கும் ஒரு பெண்ணுக்கு, நடந்து போன இடம் காயலுக்கு அப்பால் போய்விடுகிறது. பாலங்களைக் கடந்து பேருந்தில் போகும் கூலியை எந்தத் திட்ட மதிப்பீட்டில் எழுதுவது? கரையிலிருந்து எழுப்பப்படுவோருக்கு நடக்கும் தொலைவிலேயே வீடு தருவதை முதல் செலவாக எழுதி, கண்டலையும் கல்லிருக்கையையும் அதன்பின் எழுதினால், அந்தப் பூங்காவுக்கு நான் கையொப்பமிடுவேன்.

ஊர் திரும்பியதும் ஒரு காரியம் செய்தேன். தந்தையார் போட்ட பலகையை உடைக்கக் கொத்தனாரை வரவழைத்தேன். "அண்ணாச்சி, இது அரை சென்ட்கூடத் தேறாதே! இதை விட்டு என்ன ஆகப்போகிறது?" என்றார். அளந்தோம்: நீளம் இருபது அடி, அகலம் ஒன்பது. அவர் சொன்னது சரிதான். மூன்று நாளில் உடைத்து, இரண்டு வண்டிச் சேற்றை அள்ளியபின் படிகள் தெரிந்தன. ஏழும் அப்படியே இருந்தன. அடுத்த அமாவாசை ஓதத்தில் நீர் நான்கு படி ஏறி, மாலைக்குள் இறங்கிப் போயிற்று.

மீன்பிடித் துறைமுகத்தில் சுமை தூக்கும் அண்டை வீட்டார் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். "அண்ணாச்சிக்குக் கடை இருக்கிறது, அறையை உடைத்தீர்கள். எனக்கு அடுக்களையை உடைத்தால் பின்னால் படுக்கும் அறை மட்டும்தானே மிச்சம்?" என்று மலையாளத்தில் கேட்டார். உடைக்க வேண்டாம் என்றேன். இப்போது வேலை முடிந்து வந்தால், எங்கள் மேல்படியில்தான் அவர் உட்காருகிறார்.