கத்தியோடு ஒருவன் முன்னால் வந்தால்



மஃரிபுக்குப் பிறகு டியூஷன் விட்டு வரும் பிள்ளைகளிடம் யாராவது கத்தியைக் காட்டினால் என்ன செய்யச் சொல்லியிருக்கிறோம்? ஆசிரியர்களாகிய நாங்களும் இதைப் பேசுவதில்லை, வீட்டிலும் பேசுவதில்லை. அதனால் பிள்ளைகள் வீடியோ பார்த்துப் படிக்கிறார்கள். ஒன்பதாம் ஆண்டுப் பையன் ஒருவன் அடிமட்டத்தைக் கத்தியாக வைத்து, மணிக்கட்டைப் பிடித்து முறுக்கிக் காட்டினான். வகுப்பே கைதட்டியது.

அந்த வீடியோக்களில் குத்துபவன் கையை நீட்டிக்கொண்டு சிலை மாதிரி நிற்பான். நிஜத்தில் குத்துபவன் கையை உடனே இழுத்து, திரும்பத் திரும்பக் குத்துவான். அமெரிக்கப் பொலிஸ் பயிற்சியாளர் டென்னிஸ் டூலர் 1983இல் எழுதிய கணக்கொன்று உண்டு: 21 அடி தூரத்தில் நிற்பவன் ஓடி வந்து குத்த ஏறக்குறைய ஒன்றரை விநாடி போதும். பயிற்சி பெற்ற பொலிஸ்காரருக்கே துப்பாக்கியை உருவிச் சுட அவ்வளவு நேரம் தேவை. வெறுங்கையோடு நிற்கும் நம் பிள்ளைக்கு?

நம் கிழக்கில் சிலம்படி பழகிய மூத்தவர்களுக்கு இது புதிதல்ல. கம்பைச் சுழற்றும் முன்பே காலடி பழக்குவார்கள். எட்டாத தூரத்தில் நிற்பதுதான் முதல் தற்காப்பு.

ஆகவே போனைக் கேட்டால் கொடுக்கட்டும். சங்கிலியைக் கேட்டால் கழற்றி ஒரு பக்கம் வீசிவிட்டு மறுபக்கம் ஓடட்டும், கத்தட்டும். அதைக் கோழைத்தனம் என்று சொல்பவர் முதலில் தன் பிள்ளையை நினைத்துப் பார்க்கட்டும். ஓட வழியில்லாவிட்டால் புத்தகப்பை, ஹெல்மட், கதிரை, குடை, கைக்கு அகப்பட்டதை நடுவில் பிடிக்க வேண்டும். கழுத்தையும் வயிற்றையும் காக்க வேண்டும். எதுவுமே இல்லையென்றால்தான் கத்தி பிடித்த கையை இரண்டு கையாலும் பிடிப்பது. பிடித்தால் விடக்கூடாது.

தப்பி வந்ததும் உடம்பைத் தடவிப் பாருங்கள். குத்துப்பட்டது அந்தப் பதற்றத்தில் தெரியாமலே போகலாம். காயத்தைத் துணியால் அழுத்திப் பிடித்து 1990க்கு அழையுங்கள். கத்தி உடம்பில் நின்றால் பிடுங்கவே வேண்டாம். பொலிசுக்கு 119.

இன்னொரு விஷயம், இது வாலிபர்களுக்கு. நம் தண்டனைச் சட்டக்கோவையின் 89ஆம் பிரிவு தற்காப்புக்காகச் செய்வதைக் குற்றமாகக் கொள்வதில்லை. உயிருக்கே ஆபத்து என்றால் எதிரியின் உயிர் போனாலும் அந்த உரிமை காக்கும். ஆனால் தேவைக்கு மேல் காயப்படுத்த இடமில்லை. கத்தியைப் பறிகொடுத்து விழுந்து கிடப்பவனை லைட் போஸ்டில் கட்டி அடித்தால் அது தற்காப்பில்லை, தாக்குதல். அடித்தவர் பெயரில்தான் வழக்கு வரும். ஓஎல் எழுத வேண்டிய பிள்ளை கோர்ட்டுக்கு அலைய நேரிடும். வீடியோ எடுத்துப் போட்டவர் சாட்சியும் தயாரித்துக் கொடுத்தவராவார்.

இந்தக் கிழமை பிள்ளையோடு டியூஷன் பாதையை ஒருதரம் நடந்து பாருங்கள். எந்தக் கடை எத்தனை மணிவரை திறந்திருக்கும், எந்த வீட்டுக் கேற்றுக்குள் ஓடி நுழையலாம் என்று அவர்களே சொல்லட்டும்.