முகம் திருப்பிப் படுத்திருக்கும் பெண்

நவீன தளபாடங்கள் பற்றித் தேடினால் ஒரு படம் அடிக்கடி கண்ணில் படும். 1929இல் எடுத்தது. உருக்குக் குழாயில் செய்த சாய்மனைக் கதிரையில் ஒரு பெண் காலை உயர்த்திப் படுத்திருக்கிறார். முகம் மற்றப் பக்கம். பார்க்கிற ஆக்கள் யாரோ மொடல் எண்டு கடந்துபோயிடுவினம். அவர் சார்லொட் பெரியான். அந்தக் கதிரையை வடிவமைத்த மூவரில் ஒருவர்.

1927இல் வேலை கேட்டு லு கொர்புசியேயிடம் போனபோது, இங்கே குஷனுக்குப் பூ வேலை செய்வதில்லை எண்டு சொல்லி அவரைத் திருப்பி அனுப்பினார்களாம். அதே வருஷம் பாரிஸ் கண்காட்சி ஒன்றில், உலோகத்தாலும் கண்ணாடியாலும் அவர் அமைத்திருந்த சிறிய மதுக்கூடத்தைப் பார்த்த பிறகுதான் கொர்புசியே அவரைச் சேர்த்துக்கொண்டார். பத்து வருஷம் அங்கே வேலை செய்தார்.

அந்தக் கூடத்தின் வரைபடங்களில் எனக்குப் பிடித்தது, அவை கதிரையில் இருந்து தொடங்காததுதான். முதலில் மனித உடல். நிமிர்ந்திருந்து கதைக்கிற உடல், ஆறுதலாகச் சாய்கிற உடல், படுத்து ஓய்வெடுக்கிற உடல். அதுக்குப் பிறகுதான் கதிரை. மூன்று இருப்புகளுக்கு மூன்று கதிரைகள். சாய்மனையின் மேற்சட்டம் அடித்தாங்கியோடு பொருத்தப்படவில்லை; அதன்மேல் சும்மா வழுக்கி நகரும். சாய்வை மாற்ற ஒரு திருகாணியும் தேவையில்லை.

கொர்புசியே, அவருடைய உறவினர் பியேர் ஜன்னரே, பெரியான் எண்டு மூன்று பேரின் வேலை இது. ஆனால் 1960களில் ஒரு இத்தாலிய நிறுவனம் மறுபடி தயாரித்தபோது கதிரைகள் 'எல்.சி.' எண்ட எழுத்துகளோடு சந்தைக்கு வந்தன. லு கொர்புசியேயின் முதலெழுத்துகள். மூன்று பேரின் வேலைக்கு ஒராளின் பேர்.

பெரியானின் கதை அங்கேயே நிற்கவில்லை. 1940இல் ஜப்பான் அரசு அவரைக் கைத்தொழில் வடிவமைப்பு ஆலோசகராக அழைத்தது. அங்கே அதே சாய்மனையை மூங்கிலில் திரும்பச் செய்தார். உருக்குத்தான் நவீனம் எண்டு நம்பி வந்தவர், அந்த இடத்துப் பொருளையும் அந்த இடத்துக் கைகளையும் படித்துக்கொண்டார். பிறகு மார்செய் குடியிருப்புக்கு வரைந்த சமையலறையை இருப்பறையின் பக்கம் திறந்துவிட்டார், சமைக்கிற ஆள் சுவருக்குப் பின்னால் தனிச்சுப் போகக்கூடாது எண்டதுக்காக. 1999இல், 96 வயதில் காலமானார்.

கொர்புசியேயின் பேரை அழித்துப்போட்டுப் பெரியானின் பேரை எழுதச் சொல்லவில்லை. அப்படிச் செய்தால் ஜன்னரேக்கு மறுபடியும் இடமில்லாமல் போகும். ஒரு மேதை தனியே இருந்து உருவாக்கினார் எண்ட கதை சொல்லச் சுகமானது, விற்கவும் சுகமானது. ஆனால் ஒரு கதிரைக்குக்கூட அது பொருந்துதில்லை. மூன்று பேர் செய்தால் மூன்று பேரையும் சொல்லுவம். அவ்வளவுதான் கேட்கிறது.