எறும்பு சைஸில் எங்கள் வம்சம்

எங்கள் பூர்வீக நிலம் அரியலூர் பக்கம். நான் குப்பை கொட்டுவது பெரம்பலூரில், ஒரு ஆபீஸில். நிலம் நகரவில்லை சார், மாவட்டம்தான் நகர்ந்துகொண்டே இருந்தது! 1995 வரை திருச்சி, அப்புறம் பெரம்பலூர், 2001-ல் அரியலூர், 2002-ல் மறுபடி பெரம்பலூர், 2007-லிருந்து திரும்ப அரியலூர். பத்திரங்களைப் படித்தால் தலை சுற்றும்.

பாகப்பிரிவினைப் பேச்சு வந்ததும், "நீதான் கம்ப்யூட்டர் தட்டறவனாச்சே... வம்சாவளியைப் போட்டுக் கொண்டாடா" என்று பெயர்களைச் சொன்னார் பெரியப்பா. நானும் 'அப்ஸிடியன்' என்கிற குறிப்பெழுதும் மென்பொருளில், 'மெர்மெய்ட்' முறையில் நாற்பது பேரைக் கோத்தேன். உச்சியில் தாத்தா, அடியில் நாலாம் தலைமுறை. வந்தது பாருங்கள் ஒரு படம்... எறும்பு ஊர்வலம்! அத்தனை அகலத்தையும் ஒரு பக்கத்துக்குள் திணித்தால் எழுத்து வேறு எப்படி இருக்கும்?

பிரிண்ட்டைப் பார்த்து எல்லோரும் "பிரமாதம்" என்றார்கள். அத்தை மட்டும் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துத் தேடினார்.

"இதுல நான் எங்கப்பா இருக்கேன்?"

"அதுலதான் எங்கியாவது இருப்பே!" என்றார் பெரியப்பா.

மனசு கேட்கவில்லை. ராத்திரி உட்கார்ந்தேன். முதலில் செட்டிங்ஸில் 'ரீடபிள் லைன் லெங்த்'தை அணைத்தேன். பக்கம் அகலமானது. அடுத்து, நிரலில் 'டிடி' என்ற இரண்டெழுத்தை 'எல்ஆர்' ஆக்கினேன். மேலிருந்து கீழே தொங்கிய வம்சம் இடமிருந்து வலமாகப் படுத்துக்கொண்டது. இப்போது அகலம் நாலே தலைமுறை. நீளத்துக்குத்தான் ஸ்க்ரோல் இருக்கிறதே!

கடைசி யோசனையைத் தந்தது பத்திரக் கட்டிலிருந்த கிராம வரைபடம். அதில் எல்லையும் சர்வே எண்ணும் பார்க்கலாம். அளவு வேண்டுமென்றால் ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் தனிப் புலப்படம். அதே மாதிரி தாத்தாவின் பிள்ளைகள் மட்டும் ஒரு படம். ஒவ்வொரு கிளைக்கும் தனிக் குறிப்பு, லிங்க்கோடு.

எழுத்து பெரிசானது. எண்ணிப் பார்த்தேன். ஐந்து கிளை இருக்க வேண்டிய இடத்தில் நாலுதான். அத்தை எங்கேயுமே இல்லை! சொன்னது பெரியப்பா என்றாலும், யோசிக்காமல் தட்டிய கை என்னுடையது.

2005 சட்டத் திருத்தப்படி பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான உரிமை. ஐந்தாவது கட்டத்தைச் சேர்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்பைத் திறந்தேன். அத்தை ஒன்றும் பேசவில்லை. திரையில் தன் பெயரை விரலால் ஒருதரம் தொட்டுப் பார்த்தார்.

பெரியப்பா ரொம்ப நேரம் கழித்துத்தான் வாயைத் திறந்தார்.

"எழுத்து... இவ்வளவு பெரிசா வேணுமாடா?"