அந்த ஆறு யாருக்கு ஓடுகிறது?

செப்டம்பர் முதல் திங்கள் அமெரிக்காவில் தொழிலாளர் தினம். சனி, ஞாயிறோடு சேர்ந்து மூன்று நாள் விடுமுறை என்பதால் வெள்ளி மாலையே எங்கள் பீனிக்ஸ் நகரில் பாதி வடக்கே கிளம்பிவிடும். கொதிக்கும் ஊரிலிருந்து ஐ-17 நெடுஞ்சாலையைப் பிடித்தால், வழி நெடுக நிற்கும் சகுவாரோ கள்ளிகள் ஓரிடத்தில் சட்டென்று நின்றுபோகும். புல்வெளி வரும், பிறகு பைன் காடு. 2,100 மீட்டர் உயரத்தில் பிளாக்ஸ்டாஃப் வந்ததும் கார் ஜன்னலை இறக்கிவிடலாம். பலர் அங்கேயே தங்கிவிடுவார்கள். எனக்குப் பயணம் தொடங்குவது அந்தக் காட்டைத் தாண்டி 89-ஆம் சாலையில் இறங்கும்போதுதான். மரம் இல்லை, நிழல் இல்லை. சிவப்பும் சாம்பலும் ஊதாவுமாக மண்மேடுகள். சாலையோரப் பலகைக் கடைகளில் நவஹோ பழங்குடிப் பெண்கள் நீலக்கல் பதித்த வெள்ளி நகைகளைப் பரப்பி வைத்திருப்பார்கள்.

வறண்டு கிடக்கும் இந்த நிலத்தில் நாம் வாய்பிளந்து பார்க்கும் அழகெல்லாம் தண்ணீர் செய்த வேலை. பேஜ் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் உள்ள ஆன்டிலோப் பள்ளத்தாக்கில் இறங்கினால் இது கண்ணெதிரே தெரியும். அது நவஹோ மக்களின் நிலம். அவர்களுடைய வழிகாட்டி இல்லாமல் யாரும் உள்ளே போக முடியாது. மேலேயிருந்து பார்க்கும்போது தரையில் ஒரு பிளவு, அவ்வளவுதான். இரும்பு ஏணிகளில் இறங்கிய பிறகு, இருபுறமும் மணற்கல் சுவர்கள் புடவைக் கொசுவம்போல் வளைந்து வளைந்து போகின்றன. வெளிச்சம் மேலிருந்து வழிந்து, பாறை ஓரிடத்தில் ஆரஞ்சாகவும் இன்னோரிடத்தில் கத்தரிப்பூ நிறமாகவும் மாறுகிறது. சுவரை நெருங்கிப் பார்த்தால் மெல்லிய வரிகள் சாய்வாக ஓடுகின்றன. டைனோசர் காலத்துக் காற்று குவித்த மணற்குன்றுகளின் அடுக்குகள் அவை. இறுகிக் கல்லானதை வெள்ளம் அறுத்திருக்கிறது.

எங்களுக்கு வழிகாட்டிய இளம்பெண் தலைக்கு மேலே கைகாட்டினாள். எட்டாத உயரத்தில், இரண்டு சுவர்களுக்கும் நடுவே ஒரு மரக்கட்டை குறுக்காகச் சிக்கிக்கொண்டிருந்தது.

“வெள்ளம் விட்டுட்டுப் போனது. அந்த உயரத்துக்குத் தண்ணி வந்திருக்கு. இங்க மழை பெய்யணும்னு இல்லைங்க, தூரத்துல பெஞ்சாலே போதும்.”

1997 ஆகஸ்ட் 12 அன்று அப்படித்தான் நடந்தது. பல மைல் தள்ளிப் பெய்த மழை இந்த இடுக்குக்குள் பாய்ந்து 11 பேரை அடித்துக்கொண்டு போனது. சுற்றியுள்ள பாறை நிலம் நீரை அதிகம் உறிஞ்சாது. பெய்ததில் பெரும்பகுதி வழிந்து, கிடைத்த பிளவில் திரண்டுவிடும். செப்டம்பர் இறுதிவரை அங்கே மழைக்காலம் என்பதால், வெளியே வரும்வரை வானத்தை அடிக்கடி அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பேஜுக்கு மறுபுறம், 300 மீட்டர் கீழே குதிரை லாடமாகத் திரும்பும் கொலராடோ ஆற்றைப் பார்க்க விடுமுறைக் கூட்டம் நெரிந்தது. அதற்குச் சற்று மேலே 216 மீட்டர் உயர கிளென் கேன்யன் அணை. அதன் பின்னால் 1963-இல் தேங்கத் தொடங்கிய பவல் ஏரி முழுதாக நிரம்ப 1980 ஆனது. இன்று கரைப் பாறையில் ஓடும் அகலமான வெள்ளைப் பட்டை, நீர் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று காட்டுகிறது. இந்த ஆற்றை 1922-இல் ஏழு மாநிலங்கள் உட்கார்ந்து பங்கு பிரித்தன. ஆற்றங்கரையில் வாழ்ந்துவந்த பழங்குடிகளை யாரும் கூப்பிடவில்லை.

அடுத்த நாள் மான்யுமென்ட் வேலி. 1939-இல் ஜான் ஃபோர்டு ‘ஸ்டேஜ்கோச்’ எடுத்த காலத்திலிருந்து படங்களில் பார்த்துப் பழகிய செம்பாறைகள்தான். ஆனாலும் சாயங்கால வெயிலில் அவற்றின் நிழல் மைல் கணக்கில் நீள்வதை எந்தத் திரையும் காட்டியதில்லை.

மறுநாள் காலை கயென்டா என்ற ஊரில் பெட்ரோல் போட நின்றபோது, பிக்கப் வண்டியின் பின்னால் பெரிய வெள்ளைத் தண்ணீர்த் தொட்டியுடன் ஒருவர் வந்தார். எங்கள் காரைப் பார்த்துச் சிரித்து, எங்கிருந்து வருகிறோம் என்று கேட்டார். எங்கே தண்ணீர் பிடிப்பார், எவ்வளவு தூரம் போவார் என்று நான் கேட்டேன்.

“வீடு இங்கேர்ந்து ஒரு மணி நேரம். அதுல பாதிக்கு மேல மண் ரோடு. அம்மாவுக்கும் ஆடுகளுக்கும் நான்தான் கொண்டுபோகணும். மழை பெஞ்சா ரோடு போயிடும், அப்புறம் காயணும்.”

நவஹோ தேசம் சுமார் 71,000 சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டில் பாதிக்கு மேல். அங்கே ஏறக்குறைய மூன்றில் ஒரு வீட்டுக்குக் குழாய் நீர் இல்லை. 1864-இல் ராணுவம் நவஹோ மக்களைச் சொந்த மண்ணிலிருந்து கால்நடையாக விரட்டியது. 1868 ஒப்பந்தத்துக்குப் பிறகு திரும்பி வந்தார்கள். அந்த ஒப்பந்தப்படி தண்ணீருக்கு வழிசெய்யும் கடமை அரசுக்கு இல்லை என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. நான்கு நீதிபதிகளுக்குப் புரிந்தது மற்ற ஐவருக்கு ஏன் புரியவில்லை என்ற கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஏனென்றால் எங்கள் வீட்டுக் குழாயில் வருவதும் இதே கொலராடோ ஆற்று நீர்தான். அணைகள் பல தாண்டி ஹவாசு ஏரியிலிருந்து மேலே இறைக்கப்பட்டு, சுமார் 540 கிலோமீட்டர் கால்வாயில் மேடேறி பீனிக்ஸுக்கும் டூசானுக்கும் வருகிறது. நீரை இறைக்கும் மோட்டார்களைப் பல்லாண்டுகள் ஓட்டிய மின்சாரம் பேஜுக்குப் பக்கத்தில், நவஹோ நிலத்தில் இருந்த அனல்மின் நிலையத்திலிருந்து வந்தது. அதற்கான நிலக்கரி கயென்டா சுரங்கத்தில் வெட்டியது. 2019-இல் நிலையத்தை மூடிவிட்டார்கள். வேலை போனது அந்த ஊர்க்காரர்களுக்கு. எங்கள் தெருவில் புல்தரைக்கு நீர் தெளிப்பது நிற்கவில்லை.

2024-இல் நவஹோ, ஹோப்பி, சான் ஹுவான் தெற்குப் பையூட் ஆகிய மூன்று மக்களும் ஒரு நீருரிமை உடன்பாட்டை ஏற்றுக்கொண்டார்கள். குழாய் பதிக்கவும் மற்ற வேலைகளுக்குமாக 500 கோடி டாலர் அளவில் கேட்கிறார்கள். அதைச் சட்டமாக்க வேண்டியது அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ். ஊர் திரும்பிய வாரமே எங்கள் தொகுதி உறுப்பினருக்குக் கடிதம் எழுதினேன். அடுத்த நீண்ட விடுமுறைக்கு அந்தப் பக்கம் போகத் திட்டமிடும் நண்பர்களிடம், எங்கே தங்கலாம் என்று சொல்லும்போதே இதையும் சொல்கிறேன்.